கழுதைமுதுகில் மூன்று ஏற்றம்

காட்டுத்தீ அணைக்கும் குழுக்களில் ஒரு பொய் உண்டு. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, சேர்ந்த முதல் வாரத்திலேயே தானாக வந்துவிடும். முதுகில் இருபது கிலோ மூட்டையோடு செங்குத்தான சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருபவர் "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் சரி, பதில் அதுதான். வேறு பதில் சொன்ன ஆளை மொன்டானாவில் எந்தக் குழுவும் பார்த்ததில்லை.

மார்லிஸ் ஹாக் என்கிற பெண் எஞ்சினியரின் தம்பி ராய்ஸ் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வளைவு திரும்புவதற்குள் விழுந்தான். உடம்பு அடுப்பாகக் கொதித்தது என்றார்கள் தூக்கி வந்தவர்கள். ஆள் பிழைத்துக்கொண்டான், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. இப்போது வாரத்தில் பாதி நாள் மிசூலா மருத்துவமனையில், ரத்தம் சுத்தம் செய்யும் ஓர் இயந்திரத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கிறான். மீதி நாள் ஊராரின் தூண்டில் நூல் சுற்றும் உருளைகளை ரிப்பேர் செய்துகொண்டு, எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டு இருக்கிறான்.

மார்லிஸ் அப்போது மருத்துவமனைகளுக்கு மூச்சுக் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் காற்றின் ஓட்டத்தை அளக்கும் உணரிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டாள். தம்பியின் வாய் சொல்லாததை அவன் மூச்சு சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மனிதன் உள்ளே இழுக்கும் காற்றில் எவ்வளவு ஆக்சிஜன், வெளியே விடுவதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் போதும், அவன் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பது தெரிந்துவிடும். தன் எல்லையை ஒட்டி எவ்வளவு நேரமாக எரிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதை அளக்கப் பெரிய கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மாட்டிக்கொண்டு மண் வெட்ட முடியாது. முகமூடியின் ஓரத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆள் எல்லையில் நின்றால் கழுத்தெலும்பில் அதிர வேண்டும், மணிக்கட்டில் எண் காட்ட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அவ்வளவுக்கே ஐந்து வருஷமும் ஒரு வீடும் போயிற்று.

பெட்டி லேபில் அற்புதமாக வேலை செய்தது. மலையில்தான் மானத்தை வாங்கியது.

தீயணைப்புத் துறையின் உடலியல் நிபுணர் டாக்டர் லேலண்ட் ஆஸ்பி வைத்திருந்த பரீட்சை எளிமையானது. கழுதைமுதுகு என்று குழுவினர் பெயர் வைத்திருந்த சரிவில் மூட்டையோடு ஓர் ஆள் ஏற வேண்டும். முகத்தில் மார்லிஸின் பெட்டி. பெட்டிக்குள் போய் வெளியே வரும் மூச்சு ஒரு குழாய் வழியாக முதுகில் தொங்கும் பெரிய பையில் சேரும். அந்தப் பையைக் கீழே கொண்டுவந்து, டாக்டரின் வண்டியிலிருக்கும் கருவியில் அளப்பார்கள். பை பழைய முறை. நூறு வருஷமாக அதை மிஞ்சியது எதுவும் இல்லை. பெட்டி சொல்வதும் பை சொல்வதும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், மூன்று ஏற்றத்திலும். ஒத்துப்போனால் இந்தக் கோடையே குழுக்களுக்குப் பெட்டி வரும். இல்லாவிட்டால் டாக்டர் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை பெட்டி பத்து சதவீதம் குறைவாகக் காட்டியது. செவ்வாய்க்கிழமையும் அதே பத்து. இரண்டு நாளும் பையைச் சுமந்து ஏறியவன் குழுவிலிருந்த கிப் என்கிற வாயாடி. கன்றுக்குட்டி அளவுக்கு உப்பிய பையோடு, முகமூடியிலிருந்து எச்சில் ஒழுக இறங்கிவந்து, மூச்சு திரும்புவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"எஞ்சினியரம்மா, உங்க பெட்டி என்னை ரொம்ப மட்டமா எடை போடுது. நான் பாதி தூங்கிக்கிட்டே ஏறினேன்னு சொல்லுது. எங்கம்மா கூட இப்படித்தான் சொல்லுவாங்க."

மார்லிஸ் சிரிக்கவில்லை. அந்த இரண்டு இரவும் மோட்டல் அறையில் பெட்டியைப் பிரித்துப்போட்டாள். எச்சில் தேங்கும் கிண்ணத்தை மாற்றினாள். ஈரம் உறிஞ்சும் குழாயைப் புதிதாகப் போட்டாள். உயரத்தின் மேல் பழி போட்டாள், வெயிலின் மேல் போட்டாள், கடைசியில் கிப்பின் தாடியின் மேல் போட்டு, அவனை முகவாய் வழிக்கச் சொன்னாள். அவனும் முனகிக்கொண்டே வழித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கே அந்தப் பழமொழி நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் கோணல் எங்கே என்று தெரியாமல் ஆட்டத்தை எப்படித் திருத்துவது?

புதன்கிழமை கடைசி நாள். குழுவின் வண்டியில் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரளைக்கல் பாதை, முன்னால் போன டாக்டரின் பிக்கப் வண்டி கிளப்பிய புழுதியில் வழியே தெரியவில்லை. ஜன்னல், காற்றுத்துளை எல்லாம் வழக்கம்போல் இறுக மூடியிருந்தது. யாரோ தின்ற முட்டை வைத்துச் சுருட்டிய பரிட்டோ ரொட்டி வாசனை, காலுறை வாசனை, பாதிப் பேரின் குறட்டை. மார்லிஸ் மடியில் பெட்டியை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். உணரி நிதானத்துக்கு வர அரை மணி வேண்டும். இறங்கினால் காற்றும் தூசியும் ஆடவைக்கும் என்பதால், எப்போதும் வண்டிக்குள்ளேயே அதைச் சரிப்படுத்திவிடுவாள். 'இதுதான் வெளிக்காற்று, இதை அளவுகோலாக வைத்துக்கொள்' என்று பெட்டிக்குச் சொல்லும் பொத்தான் ஒன்று அதற்கென்றே இருந்தது. அழுத்தினாள். திரையில் 20.93 என்று வந்து நின்றது. பூமியில் எங்கே போனாலும் வெளிக்காற்றில் நூற்றுக்கு அவ்வளவு ஆக்சிஜன்தான், கடற்கரையிலும் அதுதான், மலையுச்சியிலும் அதுதான்.

வண்டி அடிவாரத்து வாயிற்கதவில் நின்றது. வண்டிக் கதவோரம் உட்கார்ந்திருந்த கிப்புக்குக் கன்னத்தில் புகையிலை. துப்புவதற்கு வைத்திருந்த பாட்டில் நிறைந்துவிட்டது.

"டேய், அதைக் கவுத்தேன்னா உன்னை இங்கயே இறக்கி விட்டுடுவேன்" என்றாள் முன்னிருக்கையிலிருந்து குழுத்தலைவி ஷானா ப்ரூயிட்.

"அதனாலதானே பாஸ் கதவைத் திறக்கிறேன்!" கிப் கதவைத் தள்ளி வெளியே துப்பினான். குளிர்ந்த காலைக்காற்று உள்ளே புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைச் சுளித்து நிமிர்ந்தார்கள்.

மார்லிஸின் மடியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தொன்று. அதற்கும் மேலே. 21.4 என்று போய் நின்றது.

அப்படி ஒரு காற்று பூமியில் எங்குமே கிடையாது.

"கதவை மூடு" என்றாள்.

"இதோ மூடிட்டேன், இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்..."

"இல்ல, திற! திறந்தே வை. துப்பு. இன்னும் துப்பு."

பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள். கிப்பின் வாழ்க்கையில் துப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்ட முதல் பெண் அவள்தான்.

மார்லிஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடைத்த வண்டிக்குள் பத்துப் பேர் ஒரு மணி நேரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். ஆக்சிஜன் குறைந்துபோன அந்தக் காற்றைக் காட்டி, 'இதுதான் முழுக்காற்று' என்று அவள் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாவம், பெட்டி நம்பியது. அப்புறம் கிப் விட்ட மூச்சில் இருந்த மிச்சத்தை எல்லாம் கூட்டிக் காட்டியது. மிச்சம் கூடினால் செலவு குறைந்ததாகத்தானே கணக்கு வரும்? லேபில் அவளைத் தவிர ஆள் இல்லை, ஜன்னலும் திறந்தே இருக்கும். அங்கே தப்பே வரவில்லை. ஆயுள் முழுக்க மூச்சை அளக்கிறவள், தன்னைச் சுற்றிப் பத்துப் பேர் மூச்சு விடுவதை மறந்திருக்கிறாள். எச்சில் கிண்ணத்தையும் தாடியையும் குற்றம் சொன்ன இரண்டு இரவை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மற்றவர்கள் மூட்டையை மாட்டிக்கொண்டு தினசரிப் பயிற்சி ஏற்றத்துக்குப் போனார்கள். மார்லிஸ் நேராக டாக்டரின் பிக்கப்புக்கு நடந்தாள். ஆஸ்பி முழுக்கக் கேட்டார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது; அதற்காகவே அவரை அந்த வேலையில் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

"கண்டுபிடிச்சது நல்லதுதான்" என்றார். "ஆனா ரெண்டு நாள் தப்பு தப்புதான். இன்னிக்கு ஒரு தடவை சரியா வந்தா எனக்குப் போதாதும்மா. மூணு வேணும்."

"மூணும் இன்னிக்கே எடுங்க. மத்தியானத்துக்குள்ள."

"பழசையும் அறிக்கையில எழுதுவேன்."

"எழுதுங்க. ஏன் தப்பாச்சுன்னும் சேத்து எழுதுங்க. வண்டிக்குள்ள யாரும் சரிப்படுத்தக் கூடாதுன்னு பெட்டி மேலயே ஒட்டப்போறேன்."

ஆஸ்பி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறுறதுக்கு ஆள் இருக்கா?"

அங்கேதான் முடிச்சு விழுந்தது. குழு மத்தியானத்திலிருந்து தீ அழைப்புக்குத் தயாராக நிற்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் காலையில் ஆளுக்கு ஓர் ஏற்றத்துக்கு மேல் கிடையாது என்பது ஷானாவின் சட்டம். அதை ஆண்டவனே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டாள். மற்றவர்கள் ஏறப் போய்விட்டார்கள். பரீட்சைக்கென்று நிறுத்திவைத்த கிப்பிடம் ஓர் ஏற்றம் மீதி இருந்தது.

"கிப்பு ஒண்ணு ஏறட்டும்" என்றாள் ஷானா. "அதுக்கு மேல எம்பசங்க கால் எனக்கு வேணும் மார்லிஸ். சாயங்காலம் மின்னல் இருக்குன்னு சொல்றாங்க. நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"கோவமில்ல. மீதி ரெண்டும் நான் ஏறுறேன்."

"யாரு, நீயா?" ஷானா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கடைசியா மூட்டை தூக்கினது எப்போ? உன் கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"விவாகரத்துக்கு முன்னாடி. மூட்டையைக் கொண்டா."

பெட்டியை எடுத்துக்கொண்டு, வண்டிகளின் புகை எட்டாத இடமாகப் பார்த்துப் போனாள் மார்லிஸ். காற்று வந்த திசைக்கு முகம் கொடுத்து, தூசி படாமல் தன் மேல்சட்டையால் மறைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். சாமிக்குப் படைப்பது போல் நிற்கிறாள் என்று கிப் சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

கிப் ஏறி இறங்கினான். ஆஸ்பி பையை அளந்தார். வித்தியாசம் இரண்டு சதவீதம்.

"பாத்தீங்களா, நான் தூங்கல!" என்று கிப் தன் மழித்த முகவாயைத் தடவிக்கொண்டான். "என் தாடிக்கு யாரு பதில் சொல்றது?"

அடுத்து மார்லிஸ் ஏறினாள். கழுதைமுதுகு முதல் பாதியில் நயமாகப் பேசும்; மேல் பாதியில்தான் உதைக்கும். பை திறந்து மூச்சு பிடிப்பதும் அந்த மேல் பாதியில்தான், அதுவும் நடை கொஞ்சமும் தளரக் கூடாது. முகமூடிக்குள் பல்லால் கடித்த ரப்பர்க் குழாய், மூக்கில் கிளிப், முதுகில் உப்பிக்கொண்டே வரும் பை. தொடை எரிந்தது. தம்பியை நினைத்துக்கொண்டாள், வங்கிக்காரனை நினைத்துக்கொண்டாள், யாரை நினைத்தால் கால் வேகமாக நகர்கிறதோ அவரை எல்லாம் நினைத்துக்கொண்டாள். இறங்கியதும் ஆஸ்பி பையை அளந்தார். வித்தியாசம் மூன்று சதவீதம்.

"தண்ணி குடி" என்றார் ஆஸ்பி. அவர் அளவில் அது பாராட்டு.

மூன்றாவதற்கு அவள் எழுந்தபோது வெயில் ஏறிவிட்டது. பயிற்சி முடித்துத் திரும்பிய குழு நிழலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் கிண்டல் செய்யவில்லை. ஷானா மட்டும் எழுந்து, மூட்டையில்லாமல் அவளுக்குப் பின்னால் நடந்துவந்தாள்.

முதல் பாதி போயிற்று. மேல் பாதி தொடங்கியதும் பை திறந்தது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள், கழுத்தெலும்பில் அதிர்ந்தது. இரண்டு சின்ன அதிர்வு. அந்த அதிர்வின் பலத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். தூங்குகிறவனையும் எழுப்ப வேண்டும் என்று கூட்டி வைத்திருந்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் எல்லையில் தொண்ணூற்று நான்கு சதவீதம். அடிவாரத்திலிருந்தே உடம்பு விடாமல் அப்படி எரிந்துகொண்டு வந்திருக்கிறது.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கருகிய மரம், அதைத் தாண்டி ஒரு பாறை, அவ்வளவுதான் தூரம். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தால் பெட்டி தேறிவிடும், இந்தக் கோடையே நாற்பது குழுக்களின் கழுத்தில் ஏறிவிடும். நின்றால் ஐந்து வருஷமும் இந்தச் சரிவிலேயே உருண்டு போய்விடும். அவள் கால் நிற்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. வெயிலில் அவள் முன்கையில் புல்லரித்தது, குளிர்ந்தது. வெப்பத்தாக்கின் முதல் அறிகுறி அது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மார்லிஸ்" என்று பின்னாலிருந்து ஷானாவின் குரல் வந்தது. "நல்லா இருக்கியா?"

ராய்ஸிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் இதே குரல்தான். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் நடந்தவள் ஷானா. இரண்டு பெண்களும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

வாயில் ரப்பர் இருந்ததால் பேச முடியாது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். மார்லிஸின் கை பாதி உயர்ந்தது. நான் இப்போது கட்டைவிரலைக் காட்டினால், இந்தப் பெட்டியை இனி எந்த முகத்தோடு இன்னொருத்தர் கழுத்தில் மாட்டுவேன் என்று தோன்றியது. கை கீழே இறங்கியது. அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

ஷானாவுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவள் கண்டதில்லை. பிறகு ஓடி வந்து மூட்டையைப் பிடித்துக் கழற்றினாள். மார்லிஸ் கருகிய மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தாள். முகமூடியை எடுத்ததும் எச்சிலோடு அழுகையும் வந்தது.

"போச்சு ஷானா. இவ்வளவு கிட்ட வந்து... எல்லாம் போச்சு."

"வாயை மூடுடீ. இந்தா, தலையை நனை." ஷானா தன் தண்ணீர்ப் பையை அவள் தலையில் கவிழ்த்தாள். அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவன் நல்லா இருக்கேன்னான். நானும் நம்பிட்டேன். நம்பலைன்னா கூட என்ன பண்ணியிருப்பேன்? அவன் சொன்னதை மறுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

மார்லிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஷானா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். வானொலியை எடுத்தாள்.

"டாக்டர், மூணாவது ஏத்தம் இன்னும் முடியல. ஏறுற ஆள் யாரா இருந்தா என்ன, மூச்சு மூச்சுதானே?"

"மூச்சு யாருதா இருந்தாலும் சரி" என்றது ஆஸ்பியின் குரல். "ஆனா அடியிலேருந்து ஆரம்பிக்கணும்."

"பாஸ், உங்க சட்டம்?" என்று கிப் வானொலியில் புகுந்தான்.

"காலையில வண்டிகிட்ட உக்காந்து வானொலி கேட்டது யாருடா, உங்க தாத்தாவா? என் ஏத்தம் இன்னும் பாக்கியிருக்கு. நீ மேல வந்து இவகூட உக்காரு. தண்ணி கொண்டா. உன் புகையிலையை அங்கயே வெச்சுட்டு வா."

மூட்டை, முகமூடி, காலி செய்த பை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஷானா அடிவாரத்துக்கு இறங்கினாள். பெட்டியில் தன் எல்லை எண்ணைப் போட்டு, வெளிக்காற்றில் தூக்கிப் பிடித்துப் பொத்தானை ஷானா அழுத்தும் வரைக்கும் மார்லிஸ் மரத்தடியிலிருந்தே கிப்பின் வானொலியில் சொல்லிக்கொடுத்தாள். வசந்தத்தில் லேபில் ஓடவைத்துக் குழுவினர் எல்லோருடைய எல்லையையும் குறித்துவைத்திருந்தார்கள். அன்றைக்கு ஷானாவின் எண்தான் முதலிடம். அதைச் சொல்லிச் சொல்லியே பசங்களை ஒரு மாதம் சாகடித்தாள்.

ஏறினாள். கருகிய மரத்தைத் தாண்டும்போது மார்லிஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடை அப்படியே இருந்தது. பாறைக்குப் பக்கத்தில் பை மூடிக்கொண்டது. கிப் ஓடிப்போய்ப் பையைக் கழற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். ஷானா மட்டும் முகமூடியைக்கூடக் கழற்றாமல், இரைத்துக்கொண்டு, பாறைமேல் கையை ஊன்றி நின்றாள். மார்லிஸ் எழுந்து, மெதுவாக அவளிடம் ஏறிப் போனாள்.

வானொலி கரகரத்தது. ஆஸ்பிக்கு அவசரமே கிடையாது, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டரை" என்றார். "மூணும் உள்ள வந்துடுச்சு. தகுதி உண்டுன்னு எழுதுறேன்."

அடிவாரத்திலிருந்து கூச்சல் கேட்டது. மார்லிஸ் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை, நன்றாக அழுதாள்.

"பாஸ்" என்றது கிப்பின் குரல், இரைத்துக்கொண்டே. "மேல நல்லா இருக்கீங்களா?"

ஷானா முகமூடியை விலக்கி, வானொலியை வாயருகே கொண்டுபோனாள். உதடு வழக்கமான பதிலுக்குப் பிரிந்துவிட்டது. அப்போது அவள் கழுத்தெலும்பில் அதிர்ந்தது. மணிக்கட்டைப் பார்த்தாள். மார்லிஸைப் பார்த்தாள்.

"இல்லடா" என்றாள். "கொஞ்சம் உக்காரணும்."

ஷானா பாறையைப் பிடித்துக்கொண்டு மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டினாள்.